தங்கச்சிக்குக் கட்டிய வீடு

யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தால், குழந்தையின் முகத்தைப் பார்த்த கையோடு வீட்டு வளவையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். இவளுக்கு எந்த மூலை என்று. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளை சட்டையும் பெட்டியுமாக வந்து மனைவியின் வீட்டில் குடியேறுவார். தாயின் வீடு மூத்தவளுக்கு, மிச்ச நிலத்தில் அடுத்தவளுக்கு ஒரு வீடு, அதற்கும் மிச்சம் இருந்தால் அதற்கடுத்தவளுக்கு. நாங்கள் நான்கு பெண்கள். மூத்த அக்கா அம்மாவின் வீட்டை எடுத்தாள். இரண்டாவது அக்காவுக்குக் கிழக்குப் பாதியில் வீடு எழும்பியது. மூன்றாவதாகிய எனக்கு மிஞ்சியது கிணற்றடியும் அதன் பக்கத்தில் ஒரு முருங்கை மரமும். முருங்கையைக் காட்டி மாப்பிள்ளை கேட்க முடியாது. தங்கச்சிக்கு அந்த முருங்கையும் இல்லை.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவின் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதி தங்காது. எங்கள் காலத்தில் மருந்து வந்தது, ஊசி வந்தது, பிறந்தது எல்லாம் தங்கியது. சந்தோஷமான விஷயம்தான். அந்தச் சந்தோஷத்தைப் படுக்க வைக்க இடம் இருக்கவில்லை. ஒரு பிள்ளை தும்மினால் வளவில் இருந்த எல்லாக் குடும்பமும் "நூறாயுசு" என்று சொல்லும், அவ்வளவு நெருக்கம்.

எனக்குக் கலியாணம் நடந்ததே ஒரு தலைகீழ் நியாயத்தால்தான். கிளிநொச்சிப் பக்கத்தில் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியேற்றக் கொலனி போட்டார்கள். காணி இல்லாதவர்களுக்கு வயலும், மேட்டுக்காணியும், மேட்டுக்காணியில் அரசாங்கம் கட்டிய ஒரு வீடும் கிடைத்தன. அப்படிக் காணி கிடைத்த ஒருவருக்கு என்னைப் பேசினார்கள். "இஞ்ச மாப்பிள்ளையெல்லோ சீதன வீடு கொண்டு வாறார்" என்று ஊரில் சிரித்தார்கள். பெரியம்மாமார் காய்ச்சல், யானை, பாம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். யானை வந்தால் அதற்கும் ஒரு பாய் விரிக்க அங்கே இடம் இருக்கும் என்று நான் சொன்னேன். எனக்கு அந்த வயதிலேயே வாய் கொஞ்சம் நீளம்.

வந்து இறங்கிய அன்று அவர் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்க, நான் வீட்டுக்குள் போனேன். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஓட்டுக் கூரை, பின்னால் சமைக்கத் தனியாகக் குசினி. ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடி சாத்தினேன். யாரும் "ஆர் உள்ளுக்க?" என்று கேட்கவில்லை. அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அவர் பயந்துபோய், "இஞ்சார், பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். பிடித்ததால்தான் அழுதேன் என்று சொல்லி விளங்கப்படுத்த எனக்கு அன்று முழுக்கப் பிடித்தது.

தங்கச்சி மட்டும் யாழ்ப்பாணத்திலேயே இருந்தாள். கோயில் திருவிழாவுக்குப் போன ஒருமுறை விடிய எழும்பிப் பார்க்கிறேன், அவள் தன் பாயைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு விறாந்தையில் நிற்கிறாள். வைப்பதற்கு ஒரு சுவர் ஓரம் தேடுகிறாள். ஒரு பக்கம் மூத்த அக்காவின் பிள்ளைகள், மறு பக்கம் வெங்காய மூட்டைகள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு "வீடு?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான். வயது ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு பத்திக்கொண்டு வந்தது.

"என்னோட வா" என்றேன்.

"வந்து?"

"உனக்கு நான் வீடு கட்டித் தாறன்."

கோபத்தில் சொன்ன சொல். ஆனால் சொன்ன பிறகு அது என் சொல்.

என் கணவர் அதிகம் பேசாத மனிதர். கேட்டுவிட்டுக் கன நேரம் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு காணிக்கு ஒரு வீடுதான். ரெண்டு குடும்பம் இருக்கேலாது. காணிப் பேர்மிற்றை வெட்டிப் போடுவாங்கள்" என்றார்.

"ரெண்டு குடும்பமெண்டு ஆர் சொன்னது? அக்காவும் தங்கச்சியும் ஒரு குடும்பம்."

இதற்கு எதிராக அவரிடம் பதில் இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.

அறுவடை முடிந்த கையோடு தொடங்கினோம். அவர் காட்டில் கப்புத் தடிகள் வெட்டிக்கொண்டு வந்தார். நானும் தங்கச்சியும் புற்றுமண் அள்ளி, தண்ணீர் ஊற்றி, வைக்கோல் சேர்த்து மிதித்துக் குழைத்தோம். சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு இருவரும் மண்ணுக்குள் நின்று மிதிக்க, அவள் சிரிப்பாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு அறை, அதற்கு முன்னால் பாய் விரிக்கக்கூடிய அளவில் ஒரு திண்டு, பக்கத்தில் சாய்ப்பு இறக்கிக் குசினி. மேலே இலுக்குப்புல். வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்பார்கள். நான் ஒரே வருடத்தில் இரண்டையும் பார்க்கப் புறப்பட்டவள்.

வீடு முடிந்ததும் நாங்கள் செய்த வேலையை யாழ்ப்பாணத்து ஆட்களைத் தவிர வேறு எவரும் செய்யமாட்டார்கள். வேலி போட்டோம். சுற்றிவரக் காடு. கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் அடுத்த வீடு. அந்தக் காட்டுக்குள், எங்கள் சொந்தக் காணிக்குள், எங்கள் வீட்டுக்கும் தங்கச்சியின் வீட்டுக்கும் நடுவே கதியால் தடிகள் நட்டு, பளையிலிருந்து லொறியில் தென்னோலைக் கிடுகு இறக்கி, ஆளுயரத்துக்கு வேலி அடைத்துப் படலைக் கதவும் போட்டோம். எங்களுக்குப் புல்லு வெட்டித் தந்தவர் நெடுங்கேணிப் பக்கத்துப் பழைய வன்னிக் குடியானவர். அவர் ஊரில் வீட்டு முற்றங்கள் திறந்தே கிடக்கும். வேலியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"ஆருக்கு மறைக்கிறியள்? குரங்குக்கோ?"

"வேலியில்லாட்டி அதை ஆர் வீடெண்டு சொல்லுவினம்?" என்று நான் கேட்டேன். பகிடி விடவில்லை. உண்மையாகவே எனக்கு அப்படித்தான் தெரியும்.

தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை செய்தவர். நல்ல சாது. தாய் ஒரு விதவை, யாழ்ப்பாணத்திலிருந்து வீடு பார்க்க வந்தா. மெலிந்த உடம்பு, கூர்மையான கண். வீட்டைச் சுற்றி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தா. கூரையை அண்ணாந்து பார்த்தா. கடைசியில் படலையைத் திறந்து வெளியே போய், சாத்திவிட்டு, மறுபடி திறந்துகொண்டு உள்ளே வந்தா.

"வேலி நல்லா அடைச்சிருக்கிறியள்" என்றா.

அவ்வளவுதான். நாளும் வைத்துவிட்டுப் போனா. அன்று தங்கச்சி தன் வீட்டு நிலத்தை இரண்டு தரம் மெழுகினாள்.

கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்க, கொலனியைப் பார்க்கிற அரசாங்கத்து ஐயா வந்தார். வாய்க்கால் பார்க்கக் குளக்கட்டில் வந்தவர். வீட்டை அவர் கவனித்திருக்கவே மாட்டார், எல்லாக் காணியிலும் ஏதோ ஒரு கொட்டில் நின்றது. குளக்கட்டின் மேலே நின்று பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது வேலி. புதுக் கிடுகு வெயிலில் மினுங்கியிருக்கிறது.

"ஒரு காணிக்குள்ள என்ன வேலி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். படலையைப் பார்த்தார். சாய்ப்புக் குசினியைப் பார்த்தார். என் கணவரின் முகத்தில் இரத்தம் இல்லை.

"ஐயா, அது என்ர தங்கச்சிக்கு..." என்று நான் தொடங்கினேன்.

"பாருங்கோ அம்மா. இண்டைக்கு நான் இதை விட்டா நாளைக்கு எல்லாற்ற காணியிலயும் ரெண்டு வீடு. பிள்ளையள் வளர நாலு வீடு. பிறகு வயலுக்குள்ளயும் இறங்குவியள். யாழ்ப்பாணத்தில செய்ததைத்தானே இஞ்சயும் செய்யப் பாக்கிறியள்?"

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

"அப்ப பிறந்த பிள்ளையளை எங்க வைக்கிறது ஐயா?"

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். தங்கச்சி மெழுகின நிலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "நெல்லு வைக்கிற கொட்டிலெண்டா இருக்கலாம். கொட்டிலுக்கு வேலி வராது. தனிக் குசினியும் வராது. நான் அடுத்தமுறை வரேக்க நெல்லு மூட்டை உள்ளுக்க இருக்கவேணும்."

அவர் போன பிறகு தங்கச்சி போய்ப் படலையைக் கழற்றினாள். கிடுகுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நான் கதியாலைப் பிடுங்கினேன். என் கணவர் குசினிச் சாய்ப்பை இறக்கினார். பின்னேரம் பார்த்தால் வெட்டவெளியில் ஒரு கொட்டில் நின்றது. அரசாங்கத்துக்கு அது கொட்டில், சம்பந்திக்கு அது வீடு. இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து நின்றால் என்ன சொல்வேன்?

கலியாணம் குளக்கட்டடிப் பிள்ளையார் கோயிலில் நடந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வந்தபோது மாமி முற்றத்தில் நின்றுவிட்டா. மாப்பிள்ளையின் தாயை நானும் தங்கச்சியைப் போல மாமி என்றுதான் கூப்பிட்டேன்.

"வேலி எங்க பிள்ளை?"

"யானை மாமி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"யானையோ? குசினியையுமோ?"

"ஓம் மாமி, எல்லாத்தையும் சேர்த்து."

"வன்னி யானை கெட்டித்தனமான யானை போல. கிடுகை அவிட்டு அடுக்கி வைச்சிட்டுப் போயிருக்கு" என்றா. பிறகு ஒன்றும் கேட்காமல் ஆரத்தி எடுத்த தண்ணீரை வாங்கி ஊற்றினா. நம்பிவிட்டா என்று நினைக்க எனக்குத் துணிவு வரவில்லை, நம்பவில்லை என்று நினைக்க மனமும் வரவில்லை. அவவின் கண்ணில் படாமல் கொஞ்ச நாள் குசினிக்குள்ளேயே ஒளித்துத் திரிந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்தோம். உப்பு யார் போட்டது என்று தெரியாமல் இருவரும் போட்டுவிட்டு ஒருவரையொருவர் பழி சொன்ன நாட்கள் உண்டு. என் பிள்ளை அழுதால் அவள் பால் கொடுத்தாள், அவளுடைய பிள்ளை அழுதால் நான் கொடுத்தேன். அந்த வருடங்களைப் போல நான் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை. ஆனால் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவளுடைய அறையில் பாதியை நெல்லு மூட்டை பிடித்தது. ஐயா எப்போது வருவார் என்று தெரியாததால் மூட்டையை எடுக்கவும் பயம். மூத்த பையன் மூட்டைகளுக்கு மேலே படுத்தான், சின்னவள் தாயோடு நிலத்தில். மாரியில் இலுக்கு ஒழுகும். எலி ஓடும். ஒரு நாள் சின்னவளின் காதை எலி கடித்துவிட்டது. இனி இது சரிவராது என்று எனக்கு அன்று தெரிந்தது. அவளுக்குத் தனிக் காணி வேண்டும்.

அப்போதுதான் புதுக்குடியிருப்புப் பக்கம் புதிதாகக் காடு வெட்டுகிறார்கள், காணிக் கச்சேரி வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. காணிக் கச்சேரி என்றால், காணி கேட்கிறவர்களை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வேறு காணி இருக்கக் கூடாது, வீடும் இருக்கக் கூடாது. யாராவது மறுத்துச் சொல்ல இருந்தால் அங்கேயே சொல்லலாம்.

வேடிக்கையைப் பாருங்கள். வீடு இருக்கிறது என்று சொன்னதால்தான் அவளுக்குக் கலியாணம் நடந்தது. வீடு இல்லை என்று சொன்னால்தான் இனி அவளுக்குக் காணி கிடைக்கும். அடுப்படியில் வைத்து அவளைப் பழக்கினேன். நான் அதிகாரி, அகப்பை என் கைத்தடி. "உமக்கு வீடு இருக்கோ?" "இல்லை ஐயா." "உரத்துச் சொல்லும்." "இல்லை ஐயா!" அவள் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கலியாணத்துக்குப் பிறகு மாமியும் எங்களோடுதான் இருந்தா. அவ காதுபட "இவளுக்கு வீடில்லை" என்று சபையில் சொன்னால், சீதன வீடு என்று கொட்டிலைக் காட்டி ஏமாற்றினார்கள் என்றாகிவிடும். எங்கள் சனத்தில் அந்தப் பேச்சுச் சாகும்வரை ஓயாது. அதைச் சுமக்கப்போவது நான் அல்ல, தங்கச்சி. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நில்லுங்கோ மாமி என்று எவ்வளவோ சொன்னேன். "நானும் வாறன், சனத்தைப் பாக்க" என்று சொல்லி எங்களுக்கு முன்னமே பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டா.

கச்சேரி ஒரு பள்ளிக்கூட மரத்தடியில் நடந்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், பூவரசங்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கரையோரத்திலிருந்து கழுத்தில் சிலுவை தொங்க வந்த மீன்பிடிக் குடும்பங்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. என் தங்கச்சி ஒருத்திக்குத்தான் இடமில்லை என்பது போல நான் அதுவரை சண்டை பிடித்திருக்கிறேன். இவ்வளவு பேரும் நேற்று எங்கே படுத்தார்கள்? இன்றைக்குப் பத்திரிகையில் உலகத்துச் சனத்தொகை பெருகுகிறது, எல்லாருக்கும் வீடு எப்படிக் கட்டப்போகிறோம் என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கு அந்த மரத்தடியும், கூப்பிடும் பெயர் தன்னுடையதோ என்று ஒவ்வொரு முறையும் நிமிர்ந்த தலைகளும்தான் ஞாபகம் வருகின்றன.

தங்கச்சியையும் அவள் கணவரையும் கூப்பிட்டார்கள். புதிய அதிகாரி, கண்ணாடி போட்டவர். "வீடு இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா" என்று அவள் நன்றாகத்தான் சொன்னாள்.

உடனே கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். எங்கள் கொலனிக்காரர் ஒருவர். "பொய் ஐயா. அக்கான்ர காணியில வீடு கட்டிக் குடுத்திருக்கினம். வேலியும் படலையும் வைச்சுக் கட்டின வீடு. நான் கண்டனான்." அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய விறாந்தையிலும் ஒரு தம்பி குடும்பம் காணிக்குக் காத்துக் கிடந்தது.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தார். "ஓமோ?"

இதை நாங்கள் அடுப்படியில் பழகவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முன்னுக்குப் போனேன். என் காலால் மிதித்த மண். என் கையால் பூசின சுவர். ஒரு நாளாவது அதை நான் கொட்டில் என்று வாயால் சொன்னதில்லை. மாமி எங்கே நிற்கிறா என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"அது வீடில்லை ஐயா. எங்கட நெல்லு வைக்கிற கொட்டில்" என்றேன்.

"நீர் தமக்கை. உம்மட கதையை எப்பிடி எடுக்கிறது? வேற ஆரும் கண்டவை இருக்கினமோ?"

எனக்குப் பின்னால் ஆட்களை விலக்கிக்கொண்டு ஒருவர் வருவது தெரிந்தது. மாமி. என்னைத் தாண்டிப் போய் மேசைக்கு முன்னால் நின்றா.

"நான் கண்டனான் ஐயா. நான் பெடியன்ர தாய். அது கொட்டில்தான். என்ர பேரன் நெல்லு மூட்டைக்கு மேலதான் படுக்கிறான். பேத்தியின்ர காதை எலி கடிச்சது, வேணுமெண்டா வந்து பாருங்கோ. சம்பந்திப் பக்கத்தில வீடு இருந்தா நான் ஏன் ஐயா இல்லையெண்டு சொல்லப்போறன்? எந்த மாமி சொல்லுவாள்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். தங்கச்சிக்குக் காணி கிடைத்தது.

அவளும் கணவரும் கையெழுத்து வைக்க நிற்க, நான் மாமியை மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். "மாமி, உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"வீடு பாக்க வந்த அண்டைக்கே தெரியும். ஒரு காணிக்கு ஒரு வீடெண்டு ஊர் முழுக்கத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதோ?"

"பிறகேன் மாமி ஓமெண்டனீங்கள்?"

அவ வரிசையில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தா.

"இருந்த வீட்டை மகளுக்குக் குடுத்திட்டன். அதுக்குப் பிறகு அவன் கடைக்குப் பின்னால சாக்கு விரிச்சுப் படுத்தவன் பிள்ளை, மழையெண்டா குந்தியிருந்தபடி. பொம்பிளைப் பிள்ளையளுக்கு வீடு வேணுமெண்டு எல்லாரும் ஓடித் திரியிறியள். என்ர பெடியன் எங்க படுக்கிறானெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை. ஆனா நீதான் இடம் குடுத்தனீ."